பள்ளியின் ஆயத்த நிலை: அளவுகோல் எது?

(காளிகாட்டிலும் அதனை அடுத்த லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழும் தமிழ் ஆசிரியர்கள், பெற்றோர்கள், கல்லூரி மாணவர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அமாவாசை நாளில் காளி கோயிலுக்கு வந்து திரும்பியவர்களுக்கு இந்தப் பகுதித் தெருக்களின் அகலத்தை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள் இங்கு உண்டு. ஒருபுறம் ஆதி கங்கை. மறுபுறம் நகரின் பெருஞ்சாலை. இடையே பழைய வீடுகள், பூக்கடைகள், சத்திரங்கள். இவற்றுக்கு நடுவில்தான் நம் குழந்தைகள் பயிலும் பள்ளிகளும் அமைந்துள்ளன. அவற்றுள் சில, பள்ளிக்கென்றே எழுப்பப்பட்ட கட்டடங்கள் அல்ல. குடியிருந்த வீடுகளே வகுப்பறைகளாக மாறியவை.

இத்தகைய சூழலில் ஒரு பள்ளி பேரிடரை எதிர்கொள்ள ஆயத்தமாக உள்ளதா என்பதை எவ்வாறு மதிப்பிடுவது? இன்று உங்கள் முன் நான் வைக்க விரும்பும் கேள்வி இதுவே. 'ஆயத்தம் தேவை' என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஆயத்தத்தை எதனைக் கொண்டு அளக்கிறோம் என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம் என்பது என் கருத்து.

படிவமும் கதவும்

ஒரு சொந்த அனுபவத்திலிருந்து தொடங்க அனுமதியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிப்பீட்டுக் குழுவின் உறுப்பினனாக ஒரு பள்ளிக்குச் சென்றேன். எங்களிடம் அச்சிட்ட படிவம் இருந்தது. பேரிடர் மேலாண்மைத் திட்டம் உண்டா? உண்டு, அழகாகக் கட்டமைத்த கோப்பு. தீயணைப்புக் கருவிகள்? உண்டு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி? உண்டு. இரண்டாவது வெளியேறும் வழி? உண்டு. மொத்த மதிப்பெண் 100க்கு 86. தரம்: நன்று.

விடைபெறும் வேளையில் அந்த இரண்டாவது வழியைக் காட்டுமாறு கேட்டேன். மாடிப்படியின் பின்புறம் ஓர் இரும்புக் கதவு இருந்தது, பூட்டியிருந்தது. சாவி காவலரிடம் இருந்தது. காவலர் தேநீர் அருந்தச் சென்றிருந்தார். அவரைத் தேடி அழைத்து வந்து கதவைத் திறக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. திறந்த கதவின் மறுபுறம் உடைந்த பெஞ்சுகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன.

படிவத்தைத் திருத்தினோம். அந்த ஓர் இனத்துக்கு உரிய நான்கு மதிப்பெண்கள் குறைந்தன. 86 என்பது 82 ஆயிற்று. தரம் மாறவில்லை; நன்று என்றே நின்றது. அதில் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன். அந்தப் படிவத்தில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் அது ஒரு தவறான ஆவணம் என்பதை அன்று முதல் நான் மறந்ததில்லை.

சராசரியின் குறை

பொருளியல் பயின்ற மாணவர்கள் இங்கு பலர் உள்ளனர். குறியீட்டெண்களை அமைக்கும்போது நாம் செய்யும் ஓர் அனுமானத்தை அவர்கள் அறிவர். பல இனங்களைக் கூட்டிச் சராசரி காணும்போது, ஓர் இனத்தின் குறையை மற்றோர் இனத்தின் மிகுதி ஈடு செய்யும் என்று ஏற்றுக் கொள்கிறோம். அரிசி விளைச்சல் குறைந்து கோதுமை விளைச்சல் பெருகினால் மொத்த உணவு தானிய உற்பத்தி நிலையாக இருக்கக்கூடும். அங்கே அந்த அனுமானம் பொருந்தும்.

பள்ளிப் பாதுகாப்பில் அது பொருந்தாது. பூட்டிய கதவை அழகான கோப்பு ஈடு செய்யாது. பத்துத் தீயணைப்புக் கருவிகள் ஒரு குறுகிய மாடிப்படியை அகலமாக்குவதில்லை. சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே. எனவே ஒரு பள்ளியின் தரத்தை அதன் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு அளக்காமல், அதன் மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணைக் கொண்டு அளக்க வேண்டும். உயிரோடு தொடர்புடைய இனங்களில் ஒன்று தவறினாலும் பள்ளி தேறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கும்பகோணம் கற்பித்தது

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் நிகழ்ந்த தீ விபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். மதிய உணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவியது. மாடியில் கீற்றுக் கூரையின் கீழ் சிறு குழந்தைகள் அமர்ந்திருந்தனர். இறங்கும் வழி குறுகியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்து வந்தன.

ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். அடுப்பு மட்டும் இருந்திருந்தால் அது ஒரு சிறு தீயாக முடிந்திருக்கலாம். கீற்று மட்டும் இருந்து, வழி அகலமாக இருந்திருந்தால் குழந்தைகள் இறங்கியிருக்கக்கூடும். அடுப்பு, கீற்று, குறுகிய படி, நெரிசல் ஆகிய யாவும் ஒரே இடத்தில் கூடியதே பேரழிவுக்குக் காரணம். அதன்பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அந்த நிகழ்ச்சியை அடுத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையும் அடங்கும் என்று கூறிற்று. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் பள்ளிப் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆகவே சட்டத்துக்கும் நெறிமுறைக்கும் இன்று குறைவில்லை. அவை பள்ளியின் வாயிற்கதவு வரை வந்து சேர்ந்தனவா என்பதே கேள்வி.

ஏட்டளவில் நின்ற திட்டம்

வசதி குறைந்த நாடுகளுக்கே உரிய குறை இது என்று கருத வேண்டாம். நிலநடுக்கப் பயிற்சியில் உலகுக்கே முன்மாதிரியான ஜப்பானில், 2011 மார்ச் 11 அன்று இஷினோமாகி நகரின் ஒக்காவா தொடக்கப் பள்ளியில் 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் ஆழிப் பேரலைக்கு இரையாயினர். நிலநடுக்கத்தில் அவர்களுக்கு ஊறு நேரவில்லை. அதன்பின் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் அவர்கள் விளையாட்டுத் திடலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டனர். பள்ளியின் பின்புறம் குன்று இருந்தது. பள்ளியின் கையேட்டிலோ, அடுத்துச் செல்ல வேண்டிய இடம் 'அருகிலுள்ள வெற்று நிலம் அல்லது பூங்கா' என்ற அளவில் பொதுப்படக் குறிக்கப்பட்டிருந்தது. எந்த நிலம், எந்தப் பூங்கா என்பதை யாரும் முன்கூட்டி முடிவு செய்யவில்லை.

பெற்றோர் தொடுத்த வழக்கில் 2018இல் செண்டாய் உயர் நீதிமன்றம், பள்ளியும் கல்வி நிர்வாகமும் பேரிடருக்கு முன்னரே செய்திருக்க வேண்டிய ஏற்பாட்டில் தவறினர் என்று தீர்ப்பளித்தது. 2019இல் அது உறுதியாயிற்று. அதிகாரிகள் இத்தீர்ப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். அலை வந்த நிமிடத்தில் செய்த பிழையோடு நீதிமன்றம் நிற்கவில்லை. அமைதியான நாட்களில் ஒப்புக்கு எழுதி, ஒப்புக்கு ஏற்றுக் கொண்ட திட்டத்தையும் அது குற்றமாகக் கண்டது.

நேரமே முதல் அளவுகோல்

அப்படியானால் எதனை அளப்பது? முதலாவதாக, நேரத்தை. எளிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். மாடியில் எட்டு வகுப்புகள். வகுப்புக்கு நாற்பது குழந்தைகள். மொத்தம் 320 பேர் என்று கொள்வோம். ஒரே மாடிப்படி, நொடிக்கு ஒரு குழந்தை கீழ்வாசலைக் கடக்கிறது என்று கொண்டால், எல்லோரும் வெளியேற 5 நிமிடம் 20 நொடி ஆகும். இரண்டாவது படியும் திறந்திருந்தால் அது 2 நிமிடம் 40 நொடியாகக் குறைகிறது. கீற்றும் துணியும் மரமும் எரியும்போது புகை பரவ இத்தனை நேரம்கூடத் தேவைப்படாது. ஒரு சாவி எங்கே இருக்கிறது என்பதன் விலை 2 நிமிடம் 40 நொடி.

பள்ளி மாடிப்படிக்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டுமென்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. பழைய வீடுகளில் இயங்கும் பள்ளிகளில் இதனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் உள்ள அகலத்தைத் தண்ணீர்ப் பானையும் செருப்பு அடுக்கும் மிதிவண்டியும் பாதியாக்கிவிடாமல் காப்பது நம் கையில் உள்ளது. எந்த மதிப்பீட்டாளரும் மணிக்கூண்டுடன் அன்று, கைக்கடிகாரத்துடன் வர வேண்டும். முன்னறிவிப்பின்றி மணி அடிக்கச் செய்து, கடைசிக் குழந்தை வெளியேறும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அந்தக் கடைசிக் குழந்தை முதல் வகுப்புக் குழந்தையாகவோ, நடக்க இயலாத குழந்தையாகவோ இருக்கலாம். அக்குழந்தையின் நேரமே பள்ளியின் நேரம்.

வெளியேறியபின் எங்கே கூடுவது என்பதும் முக்கியம். காளிகாட்டின் பல பள்ளிகளுக்குத் திடல் இல்லை. சந்தில் இறங்கிய நூற்றுக்கணக்கான குழந்தைகள், தீயணைப்பு வண்டி வரும் வழியை அடைத்து நிற்பார்கள். எந்தத் தெருமுனை, எந்த வெளியிடம், பண்டிகை நாளில் அங்குக் கூட்டம் நிறைந்திருந்தால் மாற்று இடம் எது என்பவற்றைப் பெயர் சுட்டி எழுதியிருக்க வேண்டும். ஒக்காவாவின் பாடம் இதுவே.

பள்ளி விழாக்களையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். ஹரியாணா மாநிலம் டப்வாலியில் 1995 டிசம்பர் 23 அன்று பள்ளி ஆண்டு விழாப் பந்தல் எரிந்து 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பந்தல் அமைப்பதில் பெயர் பெற்ற இந்நகரத்தில் அதனை நினைவூட்டுவது மிகையாகாது.

ஓர் இடருக்கு ஏற்றது மற்றொன்றுக்கு ஆகாது

இரண்டாவதாக, எந்த இடருக்கு எதனைச் செய்வது என்ற தெளிவை அளக்க வேண்டும். தீ என்றால் உடனே வெளியேற வேண்டும். நிலம் அதிர்ந்தால் ஓடலாகாது. மேசையின் கீழ் ஒடுங்கி, அதிர்வு நின்றபின் வெளியேற வேண்டும். வெள்ளம் என்றால் பெரும்பாலும் வெளியேறவே கூடாது. மாடியில் தங்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மணியை அடிக்கும் பள்ளியில், குழந்தை எதனைச் செய்யும்?

கொல்கத்தாவுக்கு இம்மூன்றும் அயலானவை அல்ல. 1897 ஜூன் 12 அன்று நிகழ்ந்த அசாம் நிலநடுக்கம் இந்நகரக் கட்டடங்களையும் சேதப்படுத்தியது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளம் குலுங்கியபோது இங்கும் மக்கள் தெருவுக்கு வந்தனர். நேபாளத்தில் அன்று சனிக்கிழமை, வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன. அவற்றுள் குழந்தைகள் இல்லை. 2001 ஜனவரி 26 அன்று கட்ச் நிலநடுக்கம் குடியரசு நாள் காலையில் வந்தது. பெரும்பாலான வகுப்பறைகள் காலியாக இருந்தும், அஞ்சார் நகரில் அணிவகுத்துச் சென்ற பள்ளிக் குழந்தைகள் குறுகிய தெருவில் இருபுறமும் சரிந்த கட்டடங்களின் கீழ்ப் புதையுண்டனர். தெருவின் அகலமும் பள்ளியின் பாதுகாப்பில் ஓர் அங்கம் என்பதை அது காட்டிற்று.

வெள்ளத்தைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. 1978 செப்டம்பர் வெள்ளத்தை இங்குள்ள முதியவர்கள் அறிவர். ஹூக்ளியில் ஓதம் ஏறும் வேளையில், ஆற்று நீர் நகருக்குள் புகாதிருக்க வடிகால் மதகுகள் அடைக்கப்படுகின்றன. அவ்வேளையில் பெய்யும் மழைநீர் போக்கிடமின்றித் தெருவிலேயே நிற்கும். 2025 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் 250 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டியபோது, நீர் தேங்கிய தெருக்களில் மின்சாரம் தாக்கிப் பலர் உயிரிழந்தனர். மழை இரவில் வந்தது. அதே மழை பிற்பகல் இரண்டு மணிக்கு வந்திருந்தால், பள்ளி விடும் மணியை அடிப்பதா, நிறுத்துவதா என்பதை யார் முடிவு செய்திருப்பார்? குழந்தைகளை இரவு வரை வைத்துக் கொள்ளக் குடிநீரும் உணவும் விளக்கும் உண்டா? பெற்றோருக்குச் செய்தி செல்லும் வழி எது? கீழ்த்தளத்தின் மெயின் சுவிட்சு நீர்மட்டத்துக்கு மேல் உள்ளதா? அதனை நிறுத்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? இவை படிவத்தில் இடம்பெற வேண்டிய கேள்விகள்.

பொறுப்பு யாருடையது?

மூன்றாவதாக, பொறுப்பை அளக்க வேண்டும். இந்நகரில் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளியும் பகலில் வேறொரு பள்ளியும் நடைபெறும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. தலைமையாசிரியர் வேறு, வருகைப் பதிவேடு வேறு, சில இடங்களில் நிர்வாகக் குழுவும் வேறு. இட நெருக்கடி மிகுந்த நகரில் இது பொருளாதார நோக்கில் சிறந்த ஏற்பாடே. ஆனால் பின்கதவுச் சாவி பகற்பள்ளியிடம் இருந்தால், காலையில் வரும் சிறு குழந்தைகளுக்கு அந்தக் கதவு இல்லாததற்கு ஒப்பாகும். பகற்பள்ளியின் திட்டத்துக்குக் கிடைத்த சான்றிதழ் காலைப் பள்ளியைக் காக்காது. மதிப்பீடு கட்டடத்துக்கு ஒன்றாக இருந்தால் போதாது. ஒவ்வொரு வேளைக்கும் தனியாக நடைபெற வேண்டும். சாவி வேளைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அதனினும் சிறந்தது, உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாள்.

'திருடர் பயம் உள்ளதே' என்று தலைமையாசிரியர்கள் கேட்பர். நியாயமான அச்சம்தான். பள்ளி நேரத்தில் கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும். பள்ளி முடிந்தபின் பூட்டிக் கொள்ளலாம். 2010 மார்ச் 23 அன்று இதே நகரின் பார்க் தெருவில் ஸ்டீபன் கோர்ட் கட்டடம் எரிந்து 43 பேர் மாண்டபோது, மேல்தளத்துக்குத் தப்ப முயன்றவர்களைப் பூட்டிய கதவு தடுத்தது என்ற செய்தி நகரையே உலுக்கிற்று. பொருளைக் காக்கப் போட்ட பூட்டு உயிரைக் காவு கொள்ளலாகாது.

செலவும் வரிசையும்

நிதி இல்லை என்பது அடுத்த மறுமொழி. இதில் இரண்டு வகைச் செலவுகளைப் பிரித்துக் காண வேண்டும். பழைய சுவர்களை நிலநடுக்கத்தைத் தாங்குமாறு வலுப்படுத்துவது பெருஞ்செலவு. அது அரசின் திட்ட ஒதுக்கீட்டில் இடம்பெற வேண்டியது. அந்தக் கடமையிலிருந்து அரசு விலக முடியாது. பொறியாளர் ஒருவர் கட்டடத்தை நேரில் ஆய்ந்து சொல்லும் வரை எந்தப் படிவமும் சுவரின் வலிமைக்குச் சான்றாகாது. ஆனால் தாழ்ப்பாளை மாற்றுவது, படியைக் காலி செய்வது, அலமாரியைச் சுவரோடு பிணைப்பது, எரிவாயு உருளையை வகுப்பறைப் பக்கத்திலிருந்து அகற்றுவது, மூன்று இடர்களுக்கு மூன்று வகை மணி ஒலியை வகுப்பது ஆகியவற்றுக்கு ஒரு பள்ளியின் சில்லறைச் செலவு நிதியே போதும். பெருஞ்செலவு வரும் வரை சிறுசெலவைத் தள்ளிவைப்பதற்குப் பொருளியலில் எந்த ஆதாரமும் இல்லை.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பீடு என்பது ஒரு நாள் நிகழ்ச்சி அன்று. குறை கண்ட இடத்தில் அதனை நீக்க வேண்டிய நாளையும், நீக்க வேண்டியவரின் பதவியையும் எழுதுங்கள். அந்த நாளில் மீண்டும் சென்று பாருங்கள். திரும்பி வராத மதிப்பீட்டாளரால் பள்ளிக்கு ஒரு கோப்பு கூடுவதன்றி வேறு பயனில்லை. கண்ட குறைகளைப் பள்ளி வாயிலில் வங்காளத்திலும் பிற மொழிகளிலும் எழுதி ஒட்டச் செய்யுங்கள். பெற்றோர் அறிந்த குறை நெடுநாள் நீடிக்காது.

மாணவர்களுக்கு ஒரு பணி. உங்கள் தெருவிலுள்ள பள்ளியின் வரைபடத்தை நீங்களே வரையுங்கள். படிகள், கதவுகள், சாவி இருக்கும் இடம், மின் இணைப்பு, அடுக்களை, மழையில் நீர் நிற்கும் உயரம் ஆகியவற்றைக் குறியுங்கள். அதைவிடச் சிறந்த ஆய்வுக் கட்டுரை இந்தப் பொருளில் எழுத முடியாது.

நான் முன்னர்க் கூறிய பள்ளிக்கு மீண்டும் சென்றேன். அழைப்பின்றியே சென்றேன். உடைந்த பெஞ்சுகள் அகற்றப்பட்டிருந்தன. இரும்புக் கதவில் பூட்டு இல்லை; உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் இருந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைத் திறந்து காட்டச் சொன்னேன். அவள் கைக்குத் தாழ்ப்பாள் எட்டவில்லை. தலைமையாசிரியர் அதனைக் கண்டு, மறுநாளே ஓரடி கீழே இறக்கிப் பொருத்தச் செய்தார். எந்தப் படிவமும் அந்த ஓரடியைக் கேட்டிருக்காது. குழந்தையின் கை எட்டும் உயரத்திலிருந்து நம் மதிப்பீடுகள் தொடங்கட்டும்.